கொங்ஸ்விங்கரில் நான் சொன்ன ஒரு சொல்

இன்று காலை, ஒஸ்லோவின் புறநகரான குரோருட்டில் எங்கள் பல்கணிக்குப் புதுப் பலகை அடிக்க ஆட்கள் வந்தார்கள். பச்சைப் பைன் மரத்தை வாள் அறுத்ததும் அந்த மணம் வீட்டுக்குள் வந்தது. மனைவி யன்னலை இன்னும் அகலத் திறந்து, "நல்ல வாசமப்பா" என்றாள். நான் எழும்பி அடுத்த அறைக்குப் போனேன். கொங்ஸ்விங்கர் ரயில் நிலையத்தில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோதும் இதே மணந்தான்.

நோர்வேப் பக்கத்தில், பழங்காலத்துச் சந்திப்பு நிலையம் அது. சுவீடன் எல்லையிலிருந்து வரும் தண்டவாளமும் வடக்கே காட்டுக்குள் பிரியும் தண்டவாளமும் அங்கே சேர்கின்றன. காட்டுப் பாதையில் அப்போதே ஆட்கள் போகும் ரயில் இல்லை. மரக்குற்றி ஏற்றிய பெட்டிகள்தான் வரிசையாக நிற்கும்.

உன்னை அங்கே இறங்கச் சொன்னவன் நான். சுவீடன் உன் அகதி மனுவை இரண்டாந் தடவையும் தள்ளியிருந்தது. ஊரில் சமாதானம் முறிந்துகொண்டிருந்த காலம். திருப்பி அனுப்பினால் என்ன நடக்கும் என்று இருவருக்கும் தெரியும். "ஒஸ்லோ மட்டும் வராதை, அங்கை பொலிஸ் நிக்கும். கொங்ஸ்விங்கரிலை இறங்கு, நான் காரிலை வந்து ஏத்துறன். பிடிச்சாலும் சுவீடிஷ் தெரியுமெண்டு காட்டிப்போடாதை, திருப்பி அங்கையே அனுப்பிப்போடுவாங்கள். தமிழைத் தவிர ஒண்டும் விளங்காத ஆள் மாதிரி நில்" என்றேன். சுவீடன் ரயிலிலிருந்து இறங்குகிறவனுக்கு நான் சொல்லிக்கொடுத்த புத்தி அது! நீயோ, "நீ சொன்னாச் சரியடா" என்றாய்.

எப்போதும் அப்படித்தான் நீ. கொழும்பில், வெள்ளவத்தை அறையில் ஏஜென்சிக்காரனுக்குக் காத்துக்கிடந்த நாட்களில் நம் இருவருக்கும் கொலர் வைத்த சேட் ஒன்றுதான் இருந்தது. பாஸ்போர்ட் படம் எடுக்க முதலில் என்னைப் போடச் சொன்னாய். "சேட்டுக்கு விசா நிச்சயம், எங்களுக்குத்தான் தெரியாது" என்று சிரித்தாய். என் படம் நோர்வேக்குப் போனது, உன்னுடையது சுவீடனுக்கு.

அன்று மத்தியானம் நீ கேட்ட மீன் குழம்பும் இடியப்பமும் காரில் இருந்தன. ரயில் வந்தது. நீலப் பையோடு இறங்கினாய். என்னைக் கண்டு கையைப் பாதி உயர்த்துவதற்குள் இரண்டு பொலிஸ்காரர் உன் முன்னால் வந்துவிட்டார்கள். உயர்த்திய கையால் தலையைச் சொறிந்தாய். நான் நேர அட்டவணையைப் படிக்கத் தொடங்கினேன். மனைவியைக் கூப்பிட நான் போட்ட மனு அப்போது குடிவரவு அலுவலகத்தில் கிடந்தது. உன்னோடு என் பெயரும் ஒரு கடதாசியில் ஏறினால் அவள் வரமுடியாது என்று பயந்தேன். இவ்வளவுதான் காரணம்.

அவர்களில் இளம் பெண்ணொருத்தி என்னிடம் வந்தாள். "உங்களுக்குத் தமிழ் தெரியுமா? கொஞ்சம் உதவி செய்வீர்களா?" என்று நோர்வே மொழியான நொஷ்கில் கேட்டாள். முகத்தில் அவ்வளவு மரியாதை.

"இஞ்சை உங்களுக்கு ஆராவது இருக்கினமோ எண்டு கேக்கினம்" என்றேன் உன்னிடம்.

நீ என் முகத்தையே பார்த்தாய். "ஓம், ஒரு சிநேகிதன் இருக்கிறான். கூட்டிக்கொண்டு போக வாறன் எண்டவன்."

நான் அவள் பக்கம் திரும்பி, "இங்கென்" என்றேன். ஒருவருமில்லை.

சுவீடிஷிலும் அதற்கு அதே சொல்தான். மூன்று வருடம் அங்கே கோப்பை கழுவியவனுக்கு விளங்காதா? உன் முகம் மாறியதைக் கண்டபிறகுதான் எனக்கு அது உறைத்தது. சுவீடிஷில் ஒரு வசனம் பேசியிருந்தால் என்னை மாட்டிவிட்டிருக்கலாம். நீ நான் சொல்லித்தந்தபடியே, ஒன்றும் விளங்காத ஆளாக நின்றாய். கூட்டிப்போகும்போது, "பெரிய உபகாரம் அண்ணை" என்றாய். என்னைவிட ஆறு மாதம் மூத்தவன் நீ.

காருக்குள் வந்து இருந்தேன். பசித்தது. இடியப்பத்தைப் பிரித்து முழுவதையும் சாப்பிட்டேன். குழம்பு நல்ல உறைப்பாக இருந்தது.

கைரேகை பார்த்துச் சுவீடனுக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து கொழும்புக்கு. தை மாதம் என் மனைவி வந்து சேர்ந்தாள். அதற்கு அடுத்த வருடம் வன்னியில் செல் குண்டு விழுந்து நீ போய்விட்டாய்.

உன் தங்கச்சி என் நம்பரைத் தேடிப்பிடித்துப் போன் எடுத்தாள். "அண்ணா கடைசிவரைக்கும் உங்களைப் பற்றிக் கதைச்சவர். அண்டைக்கு உங்களுக்கு லீவு கிடைக்கேல்லையாம், அதாலைதான் ஸ்ரேசனுக்கு வரேலாமப் போச்சாம். நீங்கள் அதை நினைச்சு மனம் நோகாதேங்கோ" என்றாள். செத்தவீட்டுக்காரி எனக்கு ஆறுதல் சொன்னாள்.

"ஓம் தங்கச்சி, லீவு தரேல்லை" என்றேன்.

பலகை அடித்து முடிந்துவிட்டது. மனைவி அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கிறாள். அவளுக்கும் அந்த லீவுக் கதையைத்தான் சொல்லி வைத்திருக்கிறேன். நீ எனக்காகச் செய்துவைத்துவிட்டுப் போன பொய் அது. அதை வைத்துத்தான் இந்த வீட்டில் நான் இன்னும் நல்லவனாக இருக்கிறேன்.