புளியங்கொட்டை விழாத வட்டில்

திருவும் திறலும் ஒருங்கே விளங்க, கருவேங்கை நாட்டின் ஏழாற்று நிலமும் ஒரு குடைக்கீழ்க் காத்தருளும் பெருந்தகை, பகைவரே பசித்து வரினும் இலை போட்டு உண்பிக்கும் இளவேங்கைக் கோமான் திருவடிகளுக்கு, தங்கள் அமைச்சருள் கடையனும், வெண்ணாவலூர்க் கல்விக்கழகத்து வழக்கைத் தீர்த்துவர ஆணை பெற்றுப் போந்தவனுமாகிய அழிசி நக்கன் தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. தங்கள் செங்கோல் சாயாதிருக்க. தங்கள் ஏரிகள் கரை ததும்புக. தங்கள் அடியேனுக்குச் சிறிது தெளிவு பிறக்க.

இங்கு வந்து சேர்ந்த நாள்முதல் அடியேனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எல்லைப் பூசல்களைத் தீர்த்திருக்கிறேன். உடன்பிறந்தார் பாகப்பிரிவினைகளையும் அடி வாங்காமல் தீர்த்து மீண்டிருக்கிறேன். இப்புலவர்களின் வழக்கிலோ எவர் பேசினாலும் அவர் பக்கமே நியாயமாகத் தோன்றுகிறது. அடுத்தவர் வாய் திறந்ததும் நியாயம் எழுந்து அங்கே போய் அமர்ந்துகொள்கிறது.

இக்கழகத்தின் வழக்கத்தை முதற்கண் விண்ணப்பிக்கின்றேன். இங்கே கற்பிப்போரும் கற்போரும் வேறுவேறல்லர். காலையில் கற்பித்த ஆசிரியர் மாலையில் மற்றொருவர் முன் மாணாக்கராய் அமர்வர். பாடம் முடிந்தபின், கற்றவர் ஒவ்வொருவரும் ஆசிரியர் முன்னுள்ள வெண்கல வட்டிலைக் கடந்து செல்வர். விளங்காத இடம் ஒன்று உண்டாயின், அதில் ஒரு புளியங்கொட்டை இட்டு, அவ்விடம் இன்னதென்று சொல்லிச் செல்வர். எவ்விடத்திற்குக் கொட்டைகள் மிகுதியாக விழுகின்றனவோ, அதுவே அவ்வாசிரியர் ஆண்டு முழுதும் ஆராய வேண்டிய பொருள். ஆய்பொருளைத் தாமே தேர்ந்துகொள்ள எவர்க்கும் உரிமையில்லை. விட்டால் ஒவ்வொருவரும் தமக்கு முன்பே தெரிந்ததைத்தான் ஆராய்வர் என்று கழகம் கண்ட முன்னோர் அஞ்சினராம். ஆய்பொருள் இல்லாதார்க்கு இங்கே இருக்கையும் இல்லை.

பின்னக் கணக்குக் கற்பிக்கும் செங்குன்றனார் என்பவர் தம் மேலாடைக்குள்ளேயே பேசுகிறார். முதல் வரிசைக்கும் அவர் குரல் எட்டுவதில்லை. அவர் வட்டில் நிரம்பி வழிகிறது; அவருக்கு ஆய்பொருள்கள் குவிந்து கிடக்கின்றன; கழகத்தில் அவரைக் கண்டால் எல்லோரும் எழுந்து நிற்கின்றனர். அடியேனும் எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை.

வழக்கு நல்லெயினியாரைப் பற்றியது. இவ்வம்மையார் வானியல் கற்பிப்பவர். இவர் வட்டிலில் நெடுங்காலமாக ஒரு கொட்டையும் விழவில்லை. இவர் சொல்வதெல்லாம் எல்லோர்க்கும் விளங்கிவிடுகிறது. முன்பு விழுந்த கொட்டைகளின் பொருளையெல்லாம் ஆராய்ந்து முடித்துவிட்டார்; அதனால் இவருக்கு இப்போது ஆய்பொருள் இல்லை. அதனால் இவர் வெளியேற வேண்டும். கழகத்தின் மிகச் சிறந்த ஆசிரியரை, சிறந்தவர் என்பதற்காகவே அனுப்புவது எவ்வாறு முறையாகும் என்று வினவினேன். தலைவர் மதிக்கண்ணனார் கண் கலங்கி, தமக்கும் அதுவே வேதனை என்றும், ஒருவர்க்காக விதியை வளைத்தால் நாளை விளங்காததை எவரும் ஆராயார் என்றும் கூறினார். அதுவும் சரிதானே என்று பட்டது.

மாணாக்கருள் யாரேனும் ஒரு கொட்டையைப் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று நான் யோசனை கூறினேன். அவையில் எச்சில் உமிழ்ந்தவனைப் பார்ப்பதுபோல் அனைவரும் என்னைப் பார்த்தனர். முன்னொரு நாள் சிலர் அன்பினால் அவ்வாறே போட்டனராம். அம்மையார் அவற்றைப் பொறுக்கி அவரவர் கையிலேயே திருப்பித் தந்து, பொய்யான ஐயத்தை ஆராய்ந்து வாழ்நாளைக் கழிக்கத் தாம் விரும்பவில்லை என்று சினந்தாராம். இப்போது துணிமணிகளை மூட்டை கட்டி வைத்துவிட்டார். போக அவருக்கு வேறு ஊரில்லை.

இன்று அவர் பாடத்தில் நானும் அமர்ந்தேன். நிலவு தேய்வதும் வளர்வதும் ஏன் என்று, ஒரு விளக்கையும் ஒரு நாரத்தங்காயையும் கொண்டு விளக்கினார். வேந்தே, அவ்வளவு தெளிவை நான் என் வாழ்வில் கண்டதில்லை. மகிழ்ச்சியில் தொடையைத் தட்டிக்கொண்டேன். வட்டிலை வெறுங்கையோடு கடந்து வாயிலுக்கு வந்தேன். அங்கே காவற்படைத் தலைவன் கொற்றன், உள்ளே என்ன நடந்தது என்று வினவினான். நானும் பெருமிதத்தோடு தொடங்கினேன். நிலவுக்குத் தன்னொளி இல்லை; கதிரவனின் ஒளியை வாங்கித் தருகிறது; ஆதலால் கதிரவன் இப்பக்கம் நிற்கும்போது, இல்லை, அப்பக்கம் நிற்கும்போது, நாம் காணும் பாதி... அவ்விடத்தில் மென்று விழுங்கினேன். இப்போது தங்களுக்கு எழுதும்போதும் அவ்விடத்திலேயே எழுத்தாணி நின்றுவிட்டது. பொறுத்தருள்க.

உடனே உள்ளே திரும்பி, அவையறிய அவர் வட்டிலில் ஒரு கொட்டையை இட்டேன். எவ்விடம் விளங்கவில்லை என்று அம்மையார் கேட்டார். இங்கிருந்தபோது எல்லாம் விளங்கியது என்றும், வாயிலில் ஒன்றும் எஞ்சவில்லை என்றும் சொன்னேன். அவர் நகைத்தார். பின்பு மாணாக்கரை ஒவ்வொருவராக அழைத்து, விளக்கும் காயும் இன்றிப் பாடத்தைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். எல்லோரும் என்னைப் போலவே ஆர்வமாகத் தொடங்கி, என்னைப் போலவே முழி பிதுங்க நின்றனர். அம்மையார் முகத்தில் இருந்த நகை போய்விட்டது.

மாணாக்கர் கொட்டைகளோடு ஓடி வந்தனர். அவர் வட்டிலைக் கையால் மூடிக்கொண்டார். இவர்கள் தம்மை இழக்க மனமின்றி மறந்ததாக நடிக்கவும் கூடும் என்றும், அமைச்சரோ ஒருநாள் விருந்தினர் என்றும், தம்மிடம் முழுப்பாடமும் கற்றுச் சென்ற, தம்மை மகிழ்விக்க வேண்டிய தேவையே இல்லாத ஒருவர் விளங்கவில்லை என்று சொன்னாலன்றித் தாம் நம்பப்போவதில்லை என்றும் கூறினார். பிறகு குரல் தாழ்த்தி, அவ்வாறு சொல்லிவிட்டால், இத்தனை காலம் தம்மிடம் கற்றோர் எதைத்தான் எடுத்துச் சென்றனர் என்று என்னையே கேட்டார். அவர் தங்கவேண்டும் என்றால் அவர் இதுவரை கற்பித்தது தோற்றிருக்க வேண்டும். இவ்விரண்டில் எதை விரும்புவது என்று இன்னமும் எனக்குக் குழப்பமே.

அத்தகைய மாணாக்கர் எவரேனும் உளரோ என்று வினவியபோது, இளவரசுப் பருவத்தில் முதல் வரிசையில் அமர்ந்து, பிற எல்லோரினும் மிகுதியாகத் தலையசைத்த ஒருவர் உண்டு என்றார். பெயர் சொல்லவில்லை. அவையோர் அனைவரும் என் கையிலிருந்த தங்கள் இலச்சினையை நோக்கினர்.

ஆகவே, தங்கள் மறுமொழி வருமளவும் நல்லெயினியாரின் இருக்கையை எவரும் அசைக்கலாகாது என்றும், அவர் மூட்டையை அவரே தூக்கினும் வாயிற்காவலர் விடலாகாது என்றும் தங்கள் பெயரால் ஆணையிட்டு, வேங்கை இலச்சினை பொறித்துள்ளேன்.

தாங்கள் செய்தருள வேண்டுவது ஒன்றே. அருகிருக்கும் கணியரை வெளியே அனுப்பிவிட்டு, நிலவு தேய்வது ஏன் என்று தங்கள் திருக்கையாலேயே ஓர் ஓலையில் எழுதிப் பார்த்தருள்க. முற்ற எழுத இயன்றால், அவ்வோலையை அனுப்புக. வெற்றி பெற்ற அவ்வாசிரியரை அடியேனே ஊர் எல்லைவரை வழியனுப்பி வைப்பேன். இயலாவிடின் ஓலை வேண்டா. அரண்மனை அடுக்களையிலிருந்து ஒரு புளியங்கொட்டையை அனுப்பியருள்க.

தேய்வது ஏனென்று அடியேனுக்கு விளங்காத அந்நிலவு வானில் உள்ளளவும் தங்கள் குடை நிழல் பரப்புக.