நீங்கள் வெட்டிய இரண்டு கொம்புகள்

குஷாய்குடா, ஹைதராபாத்,
9-4-1988

அன்புள்ள அத்தானுக்கு மங்கை எழுதுவது.

நீங்கள் போட்ட இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. ராஜஸ்தான் வெயிலில் சைட் வேலை நடக்கிறது என்று படித்ததுமே அத்தை மோர் மிளகாய் போட ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பக்கம் வருகிறவர்கள் யாராவது கிடைத்தால் கொடுத்தனுப்புகிறோம். குழந்தை நீலாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. மாத்திரையைக் கண்டால் மட்டும் வேண்டாம் என்பதை இந்த ஊர் உருதுவில் நக்கோ, நக்கோ என்று கத்திக்கொண்டு ஓடுகிறாள். நான் தமிழில் திட்ட, அவள் தெலுங்கில் பதில் சொல்ல, நம் குவார்ட்டர்ஸ் கலகலப்பாகத்தான் இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் மாதம் நாங்கள் அங்கே வருவதாக இல்லை. நீங்கள் வீடு பிடித்து, ஜன்னலுக்குத் திரைகூடப் போட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நீலாவுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லியும் வைத்திருக்கிறீர்கள். கோபம் வரும், தெரியும். முழுதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

போன லீவில் என் ஆய்வேட்டுக்கான படங்களை மை போட்டு வரைந்து கொடுத்தீர்கள் அல்லவா? கிளம்புகிற அவசரத்தில் நீங்களே அவற்றைப் பிரதி எடுத்து, என் பேராசிரியர் பத்ரிநாராயணன் சாரிடம் சேர்த்துவிட்டுப் போனீர்கள். நான் போன வாரம்தான் பார்த்தேன். அவ்வளவு அழகு. ஆனால் என் கணக்கு அதில் இல்லை.

இதை நான் உங்களிடம் உட்கார்ந்து விளக்கியதே இல்லை. தொலைவில் ஒரு விண்மீன் இருக்கிறது. அதற்கும் நமக்கும் குறுக்கே இன்னொரு விண்மீன் போனால், அதன் ஈர்ப்பு பின்னாலிருந்து வரும் ஒளியை வளைத்துக் குவித்துவிடும். தொலைவில் இருப்பது சில வாரங்கள் மெல்லப் பிரகாசமாகி மெல்ல மங்கும். படம் போட்டால் ஒரு சின்னக் குன்று மாதிரி இருக்கும். குறுக்கே போவது ஜோடி விண்மீன் என்றால் கதையே வேறு. இரண்டின் ஈர்ப்பும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலி போடுகிறது. தொலைவு விண்மீன் அந்த வேலிக்குள் நுழையும்போது ஒளி சட்டென்று மேலே தாவும். உள்ளே இருக்கும்வரை கொஞ்சம் அடங்கியிருக்கும். வெளியேறும்போது மறுபடி தாவி, சட்டென்று விழும். குன்றின் மேல் இரண்டு கொம்புகள் முளைத்த மாதிரி.

அத்தையிடம் சொன்னேன். அவன் லீவில் வருகிற மாதிரிதான் என்றார்கள். வருகிற அன்று ஒரு அமர்க்களம், கிளம்புகிற அன்று ஒரு அமர்க்களம், நடுவில் நீங்கள் பாட்டுக்குப் பேப்பர் படித்துக்கொண்டு கிடப்பீர்களாம். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன்.

அந்தக் கொம்புகளைத்தான் நீங்கள் வெட்டிவிட்டீர்கள். டிராயிங் ஆபீஸில் உங்கள் பக்கத்து மேஜை சூசைராஜ் அண்ணனிடம் படத்தைக் காட்டினேன். உலகநாதன் போட்ட கோட்டில் குறை சொல்ல ஏது என்றார். கரண்ட் ஏறி இறங்கும்போது கருவியில் பதிவு செய்கிற பேனா துள்ளுமாம். அந்தத் துள்ளலை விட்டுவிட்டு, வளைவுப் பலகையான பிரெஞ்ச் கர்வை வைத்து வழவழவென்று ஓட்டுவதுதான் உங்கள் ஆபீஸில் நல்ல வேலையாம். கணக்குப் போட்ட அன்று கம்ப்யூட்டர் நின்று நின்று ஓடியது என்று நான் வேறு உங்களிடம் புலம்பியிருந்தேன். கொம்புகளும் அப்படி வந்த துள்ளல் என்று எண்ணி, எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்திருக்கிறீர்கள். உங்கள் மேல் கோபப்படக்கூட வழியில்லை.

சாருக்கோ படங்கள் மிகவும் பிடித்துவிட்டன. இரண்டாவது விண்மீனால் பெரிய வித்தியாசம் இல்லை என்று முடிவுரையில் ஒரு வரியும் சேர்த்துவிட்டார். நான் மறுத்தேன். கொம்புகள் கணக்குப் பிழையாக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். புள்ளிகளை இன்னும் நெருக்கமாக எடுத்து மறுபடி போட்டுக் காட்டுகிறேன் என்றேன். கம்ப்யூட்டருக்கு வரிசை நீளம், எல்லாப் படங்களும் இந்த மாதக் கெடுவுக்குள் முடியாது, இப்போது கொடுத்துவிட்டு வாய்மொழித் தேர்வில் திருத்திக்கொள்ளலாமே என்று நல்லபடியாகத்தான் சொன்னார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இனி அக்டோபரில்தான் கொடுக்க முடியும்.

பிடிவாதம் என்பீர்கள். பிடிவாதம்தான். இப்படி ஒரு ஒளியை வானத்தில் இதுவரை யாரும் பார்த்ததில்லை அத்தான். ஒரு நாள் யாராவது பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, கருவிதான் கெட்டுவிட்டது என்று அழிக்கப் போவார்கள். அந்த நேரம் என் ஆய்வேடு அவர்கள் கைக்குக் கிடைத்து, அதிலும் வழவழவென்று ஒரு குன்று இருந்தால், அழி என்று நானே சொன்ன மாதிரி ஆகிவிடும். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

நெருக்கமாகப் போட்ட கணக்கில் முதல் படம் நேற்று வந்தது. கொம்புகள் இருக்கின்றன, முன்னைவிடக் கூர்மையாக. சார் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முடிவுரையில் அந்த வரியைத் தன் கையாலேயே அடித்தார். இன்னும் நிறையப் படங்கள் பாக்கி. எல்லாவற்றையும் முடித்துவிடுவேன்.

சூசைராஜ் அண்ணன் தானே மை போட்டுத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். முதல் படத்தைப் பென்சிலில் நானே போட்டு வைத்திருக்கிறேன், கோணல்மாணலாக. நீங்கள் லீவில் வராவிட்டால் அதன் மேலேயே நான் மை போட்டுக் கொடுத்துவிடுவேன், நிறுத்த மாட்டேன். ஆனாலும் படங்கள் உங்கள் கையால் வர வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது.

பிடித்த வீட்டை விட்டுவிடாதீர்கள். திரையும் அப்படியே இருக்கட்டும். ஆய்வேட்டைக் கொடுத்த மறுநாள் மூவரும் ரயில் ஏறுகிறோம். அதற்கு முன்பு ஆகஸ்டில் லீவு கேட்டுப் பாருங்கள். வருகிற அன்றைய அமர்க்களத்துக்கு நானும் நீலாவும் பொறுப்பு. நடுவில் பேப்பர் படிக்க விடமாட்டேன், படம் போட உட்கார வேண்டும். கிளம்புகிற அன்றையதை அத்தை பார்த்துக்கொள்வார்கள் என்றுதான் எழுத நினைத்தேன். போன தடவையும் நான் அழாமல்தான் நின்றேன். இந்தத் தடவை என்னால் முடியாது என்று நினைக்கிறேன்.

வெயிலில் தலைக்குத் துணி இல்லாமல் நிற்காதீர்கள். கோபம் இருந்தாலும் பதில் போடுங்கள்.

உங்களை எதிர்பார்க்கும்,
மங்கையர்க்கரசி