பாஸ்வேர்டுக்கு என் பெயர்தான்

என்னைவிட எல்லாருக்கும் வேண்டியவளாய்ப் போன சரோஜாவுக்கு,

கம்ப்யூட்டர் மறுபடி வேலை செய்கிறது. நீ போன மறுமாதமே எலி தன் வேலையைக் காட்டிவிட்டது. ஹாலில் போன் பக்கத்திலிருந்து உள்ளறைக்கு இழுத்திருந்த வயரைக் கடித்துத் துண்டாக்கிவிட்டது. நீ இருந்தவரை அதற்கு அந்தத் துணிச்சல் வரவில்லை பார்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. எனக்கு உன்மேல் பொறாமை. இன்று நேற்றல்ல, நம் கவிதா கல்யாணமாகி சிங்கப்பூர் போனதிலிருந்தே. அவள் போன் பண்ணினால் எடுப்பது நான். "நல்லா இருக்கீங்களாப்பா? மாத்திரை போட்டீங்களா? சரி, அம்மாகிட்ட குடுங்க." அதோடு என் பங்கு முடிந்தது. அப்புறம் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தாள், அதையும் உனக்குத்தான் சொல்லிக் கொடுத்தாள். நீங்கள் இரண்டு பேரும் அதில் முகம் பார்த்துச் சிரிப்பீர்கள். நான் ஹாலில் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு காது கொடுப்பேன். மாப்பிள்ளை வேலை மாறியதுகூட நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும், அதுவும் சோறு போடும்போது போகிறபோக்கில்.

இப்போது போனை வாங்கிக்கொள்ள நீ இல்லை. அவளும் நானும் மாற்றி மாற்றி "அப்புறம்" என்கிறோம். போன வாரம் ஒருநாள், "அப்பா, ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தாள். நான் ஆசையாகக் காத்திருந்தேன். "ஒண்ணுமில்லப்பா, கம்ப்யூட்டரு சரியாவட்டும், அப்ப சொல்றேன்" என்று வைத்துவிட்டாள். போனில் என்னிடம் சொல்ல முடியாதது அப்படி என்ன? அன்றைக்கே ஜங்ஷன் ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைக்கு ஓடினேன்.

கடைக்காரி தமிழரசியைத்தான் உனக்குத் தெரியுமே. "மறுபடி வயரு இழுத்தா மறுபடி எலி கடிக்குங்க சார். ஒயர்லெஸ் ரௌட்டரு வெச்சிடலாம், காலைல வந்து போட்டுத் தரேன்" என்று பெட்டியைக் கையில் கொடுத்தாள். புதுச் சாமான் ஆயிற்றே. செராமிக் கம்பெனியில் சூளைக் கதவுக்குச் சந்தனம் குங்குமம் வைக்காமல் என்றைக்காவது தீ மூட்டியிருக்கிறேனா? மேலே விளக்குகளாய் இருந்ததால் திருப்பிப் போட்டு, அடியில் வெள்ளையாய் இருந்த இடத்தில் தாராளமாக அப்பினேன். காலையில் தமிழரசி அதைத் துடைத்தால், ஒட்டியிருந்த சீட்டின் எழுத்தெல்லாம் சந்தனத்தோடு வந்துவிட்டது. அதுதான் பாஸ்வேர்டாம். அது இல்லாமல் கம்ப்யூட்டர் ரௌட்டரோடு சேராதாம்.

"பாஸ்வேர்டு மேலயா சார் பொட்டு வெப்பாங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு ஒரு வயரைக் கொண்டுவந்து செருகி என்னவோ செய்துவிட்டு, "புதுசா வெச்சிக்கலாம். என்ன பேரு போடட்டும்? சரோஜாக்கா பேரையே போட்டுடவா? அக்கா எங்கிட்ட எவ்ளோ நல்லா பழகுவாங்க!" என்றாள்.

இங்கேயும் நீ. "வேணாம்மா, எம்பேரையே போடு" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவள் நாகராஜன் என்று தட்டினாள். கம்ப்யூட்டரில் சின்னதாய் ஒன்றைச் செருகி அதிலும் அதே பெயரைத் தட்டினாள். வயரே இல்லாமல் சேர்ந்துகொண்டது. உன்னை ஒருமுறையாவது ஜெயித்தேன் என்று இருந்தது எனக்கு.

சாயங்காலம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, நீ உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தேன். கவிதா முகம் வந்தது. இளைத்திருக்கிறாள். என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னாலும் பார்த்தாள். "அப்பா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. அம்மா படத்த மறைக்கிறீங்க."

உன் படத்தை அந்தச் சுவரில் மாட்டியதே நான்தான். வந்த ஆத்திரத்துக்கு ஸ்விட்சை அணைத்திருப்பேன். ஆனாலும் நாற்காலியை நகர்த்தினேன். அவள் உன்னையே பார்த்து அழுதாள். "நான் முழுகாம இருக்கேம்மா. உங்கிட்டதான் மொதல்ல சொல்லணும்னு இருந்தேன்."

இதை ஒரு பெண் அப்பாவிடம் எப்படிச் சொல்வாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கேட்டுச்சாப்பா?" என்றாள். "கேட்டுச்சும்மா" என்றேன். சந்தோஷம்தான் சரோஜா, பொய் சொல்லவில்லை. ஆனால் இந்தச் சேதியையும் நீதானே முதலில் வாங்கிக்கொண்டாய்? செத்தும் விட்டுக்கொடுக்க மாட்டாயா?

சரி, இனிமேல் தள்ளியே உட்காருகிறேன், உனக்கும் இடம் விட்டு. ஆனால் ஒன்று. பிரசவம் அங்கேயேதானாம். ஆஸ்பத்திரியிலிருந்து மாப்பிள்ளை போனில்தான் கூப்பிடுவார். போனில் உன் படம் தெரியாது. எடுக்கப்போவது நான். ஆணா பெண்ணா என்பது முதலில் என் காதில்தான் விழும். கேட்டதும் நேராக உள்ளறைக்கு வந்து உனக்குச் சொல்கிறேன், சத்தியம். உன்னைப்போல் போகிறபோக்கில் இல்லை, எதிரில் உட்கார்ந்து, ஒன்று விடாமல்.

இப்படிக்கு
உன் வீட்டுக்காரன்,
கவிதாவின் அப்பா