சப்பாத்தோடு நின்றவள்

அன்புள்ள அண்ணை,

முன்னாள் போராளிகளுக்கான செயற்கைக்கால் நிலையத்துக்காக நீங்களும் எதிர்க்கட்சி தேவகுமாரியும் பிரதேச சபையில் சேர்ந்து கை உயர்த்தினீர்கள் என்றபோது நான் நம்பவில்லை. நேற்றுத் திறப்பு விழாவில் இருவரும் ஒரே மெழுகுதிரியைப் பிடித்து விளக்கேற்றியதைக் கண்ணால் கண்டேன்.

அங்கே முதலில் கால் பொருத்திக்கொண்டவள் என்று என்னையும் விளக்கடிக்குக் கூப்பிட்டார்கள். ஒருவர், "சப்பாத்தைக் கழட்டுங்கோ" என்றார். அது புதுக்காலோடு சேர்த்துப் பூட்டிய சப்பாத்து.

"அவள் சப்பாத்தோடை நிக்கட்டும், விடுங்கோ" என்றீர்கள்.

நான் இயக்கத்துக்குப் போன பிறகு எனக்காக நீங்கள் கதைத்தது அது ஒன்றுதான். அப்போதும் காலைத்தான் பார்த்தீர்கள், முகத்தைப் பார்க்கவில்லை.

கால் நன்றாகப் பொருந்துகிறது. வெள்ளிக்கிழமை அளவெட்டிக்கு, உங்கள் வீட்டு வாசல் படலைக்கு நடந்தே வருவேன்.

நாயைக் கட்டி வையுங்கள்.

தங்கச்சி