கேப்சூலில் சோளமாவு

செப்டம்பர் 3

மகள் இன்று இடது காலிலும் காலுறை போட்டுக்கொண்டாள். கணுக்கால் சுளுக்கு ஆறிப் பல மாதமாகியும் நரம்பு மட்டும் எரிகிறது. போர்வை உரசினாலே கத்துவாள். பதினாறு வயதில் இது. முதலில் கொடுத்த மாத்திரை அவளைத் தூங்குமூஞ்சியாக்கியது. பாதி வாக்கியத்தில் சொல் மறந்து விழிப்பாள். இப்போதைய மஞ்சள் கேப்சூல் ஒத்துக்கொள்கிறது.

"நீங்களா நிறுத்திடாதீங்க. மெதுவாத்தான் குறைக்கணும்" என்றார் டாக்டர். கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவளிடம் இதைச் சொல்ல வேண்டுமா என்று இருந்தது.

செப்டம்பர் 9

கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள் வலி. பரீட்சை தள்ளிப்போனது என்றதும் தோழியோடு போனில் கெக்கேபிக்கே என்று சிரிப்பு. மருந்து வேலை செய்கிறதா, மருந்து சாப்பிடுகிறோம் என்ற நினைப்பு வேலை செய்கிறதா?

கணவரிடம் கேட்டேன். "ஏம்மா, உனக்கு வீடும் லேப்தானா?" என்று டிவி சத்தத்தைக் கூட்டினார்.

செப்டம்பர் 10

செய்துவிட்டேன்.

அட்டையிலிருந்து மாத்திரைகளைப் பிரித்து அவள் டப்பாவில் போட்டுவைப்பது நான்தான். இன்று ஒவ்வொரு கேப்சூலாகத் திருகித் திறந்து, மருந்தைத் தட்டிவிட்டுச் சோளமாவை அடைத்தேன். ஒரே ஒரு வாரம். தெரிந்துகொள்ளத்தான்.

செப்டம்பர் 12

வலிக்கிறது என்று அவள் சொல்லவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து முகத்தைக் கவனித்தேன். தலை வாரிவிட்டேன். நான் நினைத்தது சரிதானோ?

செப்டம்பர் 15

இடது காலில் காலுறை இல்லை. உள்ளங்கை ஈரமாக இருக்கிறது. "தூக்கமே வரலம்மா." பரீட்சைப் பயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செப்டம்பர் 17

டாக்டரிடம் போனோம். மறுபடி எரிகிறது, குமட்டுகிறது, கை வேர்க்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னாள். எனக்குத் தெரியாமல் இத்தனை நாளும் பொறுத்திருக்கிறாள்.

"இதுவும் கேக்கல போல. மெதுவாக் குறைச்சு நிறுத்திட்டுப் பழைய மாத்திரைக்கே போயிடலாம்" என்றார் அவர்.

"அது வேணாம் டாக்டர். அதுல நான் நானாவே இல்ல."

அவள் என்னைப் பார்த்தாள், நீயாவது சொல்லேன் என்பதுபோல. நான் சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய மாத்திரைச் சீட்டை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ச்சே. என்ன காரியம் பண்ணிட்டேன். பெத்தவளா நான்?

செப்டம்பர் 18

சீட்டைக் கிழித்தேன். டாக்டரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது: "திடீர்னு நிறுத்தினதுல வலிப்பு வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" பிறகு, "மருந்து மேல தப்பில்ல. அதையே சின்ன அளவுல திரும்ப ஆரம்பிக்கலாம். இனிமே மாத்திரைய அவகிட்டயே கொடுத்துடுங்க" என்றார்.

கணவர் கேட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

அவளிடம் சொல்வதுதான் முடியவில்லை. போர்வைக்கு வெளியே கால் நீட்டிப் படுத்திருந்தாள். நின்றபடியே சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"சரி, ரிசல்ட் என்ன? நான் பாஸா, ஃபெயிலா?"

"ஏன்டி, வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" — அப்போதும் கேள்வி நான்தான் கேட்கிறேன்!

"அந்த வாரம் பூரா பக்கத்துலயே இருந்தே. தலை வாரிவிட்டே. பாசம்னு நெனச்சேம்மா. கெடுக்க வேணாம்னு இருந்தேன்."



அக்டோபர் 6

மாத்திரை அட்டைகள் அவள் பையில். ஒவ்வொரு கேப்சூலையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் விழுங்குகிறாள். என் எதிரில். பார்க்கட்டும்.

அக்டோபர் 20

மஞ்சள் கேப்சூலில் பழைய அளவுக்கு வந்துவிட்டோம். எரிச்சல் தணிந்திருக்கிறது, போகவில்லை. "இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டேன். சொன்னாள். நம்பினேன். அவ்வளவுதான் என் வேலை.

நவம்பர் 14

வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது பள்ளியிலிருந்து போன். "அம்மா, மாத்திரைய வீட்லயே விட்டுட்டேன். கொண்டாந்து தர்றியா?" அப்பாவைக் கூப்பிட்டிருக்கலாம். அவர் வீட்டில்தான் இருந்தார்.

பள்ளி வாசலில் பிரிக்காத அட்டையை நீட்டினேன். ஒன்றைப் பிதுக்கி எடுத்தாள். வெயில் நன்றாகத்தான் அடித்தது, தூக்கிப் பார்க்கவில்லை.

"இன்னிக்கு என்ன மாவும்மா? கோதுமையா?"

விழுங்கிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்திருக்கவும் கூடாது.

மணி அடித்தது. இரண்டு காலிலும் காலுறையோடு, லேசாக விந்தியபடி, ஓடினாள்.