பின்வரிசையில் அப்பத்தா

ஸ்ரீவில்லிபுத்தூர்,
4-7-1938

என் கண்ணான மகன் தனுஷ்கோடிக்கு, அம்மா வேலுத்தாய் வாழ்த்தி எழுதுவது.

இங்கே தங்கிப் படிக்கும் உன் மகள் செல்லத்தாய் பெரியவளாகிவிட்டாள். உன் பெண்டாட்டி பச்சை உடம்புக்காரி, உனக்கோ மில்லில் லீவு இல்லை. நீங்கள் வராத குறை தெரியாமல் சடங்கை முடித்தேன். கூமாப்பட்டியிலிருந்து உன் மச்சினன் கருத்தையா வண்டி நிறையத் தாய்மாமன் சீர் கொண்டுவந்தான். "இனி இவ எங்க வீட்டுப் புள்ள, அத்தை" என்றான். "ஆமப்பா, இல்லேன்னு யாரு சொன்னா?" என்று சிரித்துக்கொண்டே தாம்பூலத்தை வாங்கிக்கொண்டேன்.

ஊர் வழக்கம் என்று அவள் படிப்பை மட்டும் நிறுத்திவிடாதே. என்னை ஐந்தாவதோடு நிறுத்தியது இன்னும் ஆறவில்லை. ஞானரத்தினம் டீச்சரம்மாவிடம் நேராகவே கேட்டேன்: "குத்தம் புள்ளைக மேலயா, பள்ளிக்கூடத்து மேலயா? பெரிய பொம்பள ஒருத்தி காவலுக்கு வகுப்புல பின்னால உக்காரட்டும். விலக்கான நாளுப் பாடத்த வீட்டுக்குக் குடுத்தனுப்புங்க. பொறவு எவன் நிறுத்துதான்னு பாப்போம்."

ஒத்துக்கொண்டார்கள். முதல் ஆளாக நானே போய் உட்கார்ந்துவிட்டேன். "ஏட்டி, ஒங்க அப்பத்தாவுக்கும் வீட்டுக்கணக்கு உண்டா?" என்று பிள்ளைகளுக்கு ஒரே கேலி. உண்டு என்று போட்டும் காட்டினேன்.

உன் அம்மா

இராஜபாளையம்,
15-7-1938

அன்புள்ள அம்மாவுக்குத் தனுஷ்கோடி வணங்கி எழுதுவது.

மில் முழுக்க உங்கள் பேச்சுத்தான். "ஏலே, ஒங்கம்மா எப்போ பரீட்சை எழுதுதாக?" என்று ஆண்டிச்சாமி கேட்கிறான். கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது.

செல்லத்தாயைப் பார்க்க வேண்டும் என்று அவள் அம்மா அழுகிறாள். ஒரு வாரம் அனுப்பி வையுங்கள்.

உங்கள் மகன்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
20-8-1938

தனுஷ்கோடிக்கு,

ஒரு வாரம் என்றாய், ஒரு மாதமாகிவிட்டது. கடிதத்துக்கும் பதில் இல்லை. டீச்சரம்மா தினமும் ஆஜர் எடுக்கும்போது அவள் பெயரைக் கூப்பிடுகிறார்கள். நான்தான் எழுந்து "நாளைக்கு வந்திருவா" என்கிறேன்.

படிப்பை நிறுத்தியிருந்த வன்னியம்பட்டிப் பெண்கள் இரண்டு பேர் பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப வந்துவிட்டார்கள். அவர்கள் ஆத்தாமார் காட்டு வேலைக்குப் போவதால் அவர்களுக்கும் நானே காவல். நாளைக்கு எல்லாப் பள்ளிக்கூடமும் இப்படி மாறும், பாரேன். உன் மகள் மட்டும் இல்லாமல் இதெல்லாம் எனக்கு எதற்கு? அனுப்பி வை அய்யா.

அம்மா

இராஜபாளையம்,
28-8-1938

அம்மா,

எழுதக் கை வராமல்தான் இருந்தேன். கருத்தையா தன் மகனுக்குச் செல்லத்தாயைப் பரிசம் போட்டுவிட்டார். ஐப்பசியில் கல்யாணம். நான் மறுத்துப் பார்த்தேன். "ஒங்கம்மா சபையில சரின்னு சொல்லித்தான் தாம்பூலம் வாங்குனாக" என்கிறார். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் சாட்சி. மீறினால் என் பெண்டாட்டிக்குப் பிறந்த வீடு கிடையாதாம். அவளும் அண்ணன் பக்கமே நிற்கிறாள். எனக்குத் திராணி இல்லை.

செல்லத்தாய் அழவில்லை. "அப்பத்தா தனியாவா பள்ளிக்கூடம் போறாக?" என்று மட்டும் கேட்டாள்.

நீங்கள் முன்னால் நின்று நடத்திக்கொடுக்க வேண்டும்.

தனுஷ்கோடி

ஸ்ரீவில்லிபுத்தூர்,
6-9-1938

தனுஷ்கோடிக்கு,

தாய்மாமன்மார் எல்லோரும் சொல்லுகிற பேச்சு, அதற்கு எல்லோரும் சொல்லுகிற பதில் என்றுதான் நினைத்தேன். அவன் அதையே வாக்காகப் பிடித்துக்கொள்வான் என்று தெரியாமல் போயிற்று.

சீரையெல்லாம் வண்டியில் ஏற்றி நானே கூமாப்பட்டிக்குக் கொண்டுபோனேன். காலில் விழாத குறையாகக் கேட்டேன். "வாயால குடுத்தத வண்டியில திருப்ப முடியுமா அத்தை?" என்றான். சாமானை இறக்கவிடவில்லை. வரும் வழியெல்லாம் வண்டிக்குள் அந்தப் பித்தளைக் குடம் உருண்டுகொண்டே வந்தது.

மறுநாள் பள்ளிக்கூடம் போக மனமில்லாமல் படுத்துக்கிடந்தேன். வன்னியம்பட்டிப் பெண்கள் இரண்டும் வாசலில் வந்து நின்றன. நான் போகாவிட்டால் அவர்களை உள்ளே அனுப்ப வீட்டார் சம்மதிக்க மாட்டார்கள். எழுந்து போனேன். செல்லத்தாய் பெயரைக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு நான் எழுந்திருக்கவில்லை. டீச்சரம்மா அடுத்த பெயருக்குப் போனார்கள்.

கல்யாணத்துக்கு என்னை எதிர்பார்க்காதே. அன்றைக்குப் பள்ளிக்கூடம் உண்டு.

இனி நீ எனக்கு எழுத வேண்டாம். அவளை எழுதச் சொல்.

வேலுத்தாய்