முப்பத்தோராவது சிரிப்பு

குட்டிம்மா,

உன்னை எழுப்ப மனசு வரவில்லை. சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். நாலு மணிக்கு உன் தோழியும் அவள் அம்மாவும் வருகிறார்கள். கதவைத் திற, உட்காரச் சொல், மன்னிப்புக் கேள்.

"நான் ஒண்ணும் எழுதலம்மா, சிரிப்பு எமோஜிதான் போட்டேன்"னு நேற்று கத்தினாய். அவள் முகத்தைப் பலூனில் ஒட்டி வகுப்பு குரூப்பில் போட்டது நீயில்லைதான். ஆனால் நீங்கள் முப்பது பேர் சிரித்ததில்தான் அவள் பள்ளிக்கே வரமாட்டேன் என்கிறாள்.

உன் போன் என் பையில். எதையும் அழிக்கவில்லை, டீச்சரிடம் காட்ட வேண்டும்.

அம்மா

செருப்பு மாட்டியவள் திரும்பி வந்து எழுதுகிறேன். அந்தப் படத்தை நீ காட்டியபோது நானும் சிரித்தேனே! சூப்பர்வைசர் முறைத்தாலும் சரி, தையல் மெஷினை நிறுத்திவிட்டு மூன்றரைக்கே வந்துவிடுவேன். கதவை நான் திறக்கிறேன்.